பிரித்துப் பார்த்த பெருமகன்

சிறு விமானம் செய்து பறக்கவிடும் மாணவ நண்பர் சிலரை நாம் அறிவோம். காற்று வேகம் காட்டும் கருவி ஒன்றை விலைக்கு வாங்குவர். வாங்கிய அன்றே அதன் உறையைக் கழற்றிவிடுவர். உள்ளே இருப்பதென்ன? எதிர்க்காற்றை ஏற்கும் வழி ஒன்று. சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை ஏற்கும் வழி மற்றொன்று. இரண்டின் வேறுபாட்டிற்கேற்ப வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடு. வேகம் இருமடங்கானால் வேறுபாடு நான்கு மடங்காகும். இவ்வளவே அதன் மருமம்! அறிந்தபின் நாமே ஒன்று செய்து பார்க்கலாமன்றோ?

இவ்வாறு பிறர் செய்ததைப் பிரித்துப் பார்ப்பது களவா, கல்வியா? கல்வியே என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கொங்கு நாட்டில் பிறந்த ஜி. டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். தொடக்கக் கல்விக்கு மேல் பள்ளி அவரைப் பிடித்து வைக்கவில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டி! அந்த வியப்பு அவரை உறங்கவிடவில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர்வலம் போனாரா? இல்லை. திருகு திருகாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய கல்லூரி.

1920-இல் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கினார். அதுவே யு.எம்.எஸ். என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல், இந்தியாவில் முதன்முதலாகச் செய்யப்பட்ட மின்மோட்டார்களுள் ஒன்று டி. பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு அவரிடம் உருவாயிற்று. மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவியும் அவர் படைப்பே. 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றத் துணை நின்றார். பள்ளியை விட்டு ஓடியவர் கல்லூரி காணத் துணை நின்றது விந்தையன்றோ?

ஆயினும் அவர் எண்ணியதெல்லாம் ஈடேறிவிடவில்லை. 1952-இல் இருவர் அமர்ந்து செல்லும் காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் தர முனைந்தார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை, முயற்சி நின்றது. கைத்திறன் ஒருவரிடம் இருந்தால் போதாது, அதை வாழவைக்கும் நாடும் வேண்டும் என்பதை அந்தக் கார் இன்றும் நமக்கு உணர்த்துகிறது.

1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார்.

நண்பர்களே! பட்டம் நம் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்தக் கை ஒரு கருவியையேனும் கழற்றிப் பார்த்திருக்கிறதா? கழற்றுவது எளிது, மீண்டும் கோப்பதே அறிவு, கோத்ததை நம் மக்கள் வாங்கும் விலையில் செய்து தருவதே தொண்டு. நாயுடு அம்மூன்றையும் முயன்றார். முதற்படியிலேனும் நாம் கால் வைப்போம்!