உதவித்தொகை வந்த வழி

1891-ல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்த அண்ணல் அம்பேத்கர், கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தவர். 1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். தாமோதர் அணைத் திட்டத்துக்கு அடித்தளமிட்டது அந்தத் துறைதான்.

அணையும் மின்சாரமும் நாட்டை வளர்க்கும். ஆனால், தொழில் தெரிந்தவருக்கே அதில் வேலை. கலை, சட்டப் படிப்பு மட்டும் நம் மக்களுக்குப் போதாது, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும், அந்தச் செலவை ஏழைப் பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்று 1942-லேயே வைஸ்ராயிடம் மனு கொடுத்தார். உதவித்தொகையோடு, அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் தொழில் பழக இடமும் கேட்டார். 1944-ல் பட்டியலின மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை வந்தது. 1956-ல் அவர் மறைந்தார்.

ஐடிஐ, பாலிடெக்னிக், கல்லூரி மாணவர்களே, உதவித்தொகை கேட்கக் கூச்சம் வேண்டாம். நாட்டின் வளர்ச்சியில் நமக்குள்ள பங்காக அண்ணல் கேட்டு வாங்கியது அது. கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.