மூன்று முறை முறிந்த ஃபோர்க்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மகா மாரியம்மன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நடந்து வந்தேன். ஐந்தடியில் ஒரு பழைய ரேசிங் சைக்கிள் சாத்தி வைத்திருந்தது. பெடலில் காலைப் பிடித்துக்கொள்ளும் தோல் வார். அதில் கிறிஸ்டோஃப் என்று பெயர். பார்த்ததும் அப்படியே நின்னுட்டேன்.

பத்தொன்பது வயசுல நானும் பந்தயம் ஓட்டினவன்தான். ஆறு மாசம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி. பந்தயத்தன்று பாதி வழியில் சங்கிலி அறுந்து போச்சு. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். லோரியில் ஏறி வீட்டுக்கு வந்தவன், அதுக்கப்புறம் சைக்கிளைத் தொடவே இல்லை. கிறிஸ்டோஃபின் கதை அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்காவது நேரத்தோடு சொல்லிவிடுகிறேன்.

யூஜின் கிறிஸ்டோஃப் 1885-இல் பாரிஸை ஒட்டிய மலகோஃப் என்ற ஊரில் பிறந்தவர். முதலில் கற்றது பூட்டுத் தொழில். இரும்போடு பழகிய கை. அது பின்னால் எப்படி உதவியது என்று பாருங்கள்.

1910-இல் இத்தாலியில் மிலானிலிருந்து சான் ரெமோ வரை நடந்த பந்தயத்தில் கடும் பனி கொட்டியது. முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலில் வந்தவர் கிறிஸ்டோஃப். ஆனால் குளிரில் உடம்பு கெட்டு, ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். 1912-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இரண்டாவது இடம்.

1913-இல் ஜெயிக்கும் வாய்ப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பயோனிலிருந்து லூஷோனுக்கு ஒரே நாளில் 326 கிலோமீட்டர். பிரனீஸ் மலைத்தொடரில் டூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. இன்னொரு சைக்கிளை வாங்கி ஓட்ட அந்தக் காலத்தில் அனுமதி கிடையாது. ரிப்பேரையும் ஓட்டுபவரே செய்ய வேண்டும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டர் போல நடந்தே இறங்கினார். செயின்ட் மரி டி கம்பான் என்ற கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறை. அங்கே கொல்லர் வழி சொல்ல, இவரே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஃபோர்க்கை ஒட்ட வைத்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். துருத்தியை ஒரு சின்னப் பையன் ஊதிக் கொடுத்தான். அதுவும் பிறர் உதவிதானாம்! அதற்கு 10 நிமிடம் தண்டனை போட்டு, பிறகு 3 நிமிடமாகக் குறைத்தார்கள்.

நானாக இருந்தால் அங்கேயே விட்டுட்டு வந்திருப்பேன். அவர் மறுபடி ஏறி, இன்னும் இரண்டு மலை தாண்டி லூஷோன் போய்ச் சேர்ந்தார். பாரிஸ் வரை ஓட்டி 7-ஆவது இடத்தில் முடித்தார்.

பிறகு முதல் உலகப் போர். பந்தயம் மீண்டும் தொடங்கிய 1919-இல் அவருக்கு வயது 34. முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் பனியனை அந்த ஆண்டுதான் அறிமுகப்படுத்தினார்கள். அதை முதன்முதலில் போட்டவர் நம்ம கிறிஸ்டோஃப். இன்னும் இரண்டே நாள் பாக்கி. கையில் 28 நிமிட முன்னிலை. மெட்ஸிலிருந்து டன்கெர்க் போகும் 468 கிலோமீட்டர் ஓட்டத்தில் மறுபடியும் ஃபோர்க் முறிந்தது. மறுபடியும் தானே சரிசெய்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. முடிவில் மூன்றாம் இடம். ஃபிரெஞ்சு மக்கள் மனம் பொறுக்காமல் பணம் திரட்டி, 13,000 பிராங்குக்கு மேல் அவருக்குக் கொடுத்தார்கள்.

1922-இல் காலிபியே மலையில் மூன்றாவது முறை. அப்போதும் விடவில்லை, 8-ஆவதாக முடித்தார். 40 வயதில், 1925-இலும் டூரில் ஓட்டினார். ஒரு முறைகூட டூரை ஜெயிக்காமலேயே 1970-இல் காலமானார். ஆனால் அந்தக் கொல்லன் பட்டறை இருந்த இடத்தில் இன்று அவர் பெயரில் நினைவுப் பலகை இருக்கிறது. 1913-இல் ஜெயித்தவர் ஃபிலிப் தீஸ். அந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறவர்களோ இன்றும் கிறிஸ்டோஃபைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

எஸ்.பி.எம். முடிவு சரியில்லை என்று நம்ம ஞாயிறு வகுப்புக்கு வராமல் போன பசங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்க. இதை அவர்களுக்காகவும் எழுதுகிறேன். உங்க மேல தப்பே இல்லாமலும் ஃபோர்க் முறியலாம். பட்டறையைத் தேடி நடப்பது மட்டும் நம்ம கையில்தான் இருக்கு.

நானும் சும்மா சொல்லவில்லை. மறுநாளே மாடிப்படிக்குக் கீழே கிடந்த சைக்கிளை வெளியே எடுத்தேன். சங்கிலி முழுக்கத் துரு. புதுசு வாங்கி நானே மாட்டினேன், கையெல்லாம் கிரீஸ். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயில் முன்னால் நிற்பேன். வர்றவங்க வாங்க, சேர்ந்து ஓட்டுவோம்.