நீல நிறம் கண்ட வைத்தியர்

எத்தாளைக் கரையில் வயதில் மூத்தவர்களைக் கண்டால் யானைக்கால் நோயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு வீடு வீடாய் வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் ஊசியால் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் பூசிச் சென்ற சுகாதாரப் பகுதியினரை அவர்களுள் சிலருக்கு நினைவிருக்கலாம். இந்நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் இராக்காலத்திலேயே இரத்தத்தில் நடமாடும். அதனாலேதான் அந்த வேளைகெட்ட வருகை. குஞ்சுகள் இருப்பதாகக் கண்டவர்களுக்குக் கொடுத்த குளிசையின் பெயர் டைஎதில்கார்பமசீன். ஹெற்றசான் என்பது அதன் பழைய வர்த்தகப் பெயர்.

பிள்ளைத்தாய்ச்சியாய்க் கிளினிக்குக்குப் போகும் நம் பெண்களுக்கு போலிக் அமிலக் குளிசை கொடுக்கிறார்கள். இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கும், மூட்டுகள் வீங்கி விரல் மடக்க முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்கும் மெதோட்ரெக்சேற் என்றொரு மருந்து கொடுக்கிறார்கள். இந்த மூன்று மருந்துகளுக்கும் பின்னால் ஒரே மனிதர் நிற்கிறார். அவர் பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்?

அவர் டொக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் திகதி, அந்நாளைய சென்னை மாகாணத்தில் தெலுங்கு பேசும் பீமவரத்திலே பிறந்தவர். வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாமென்று புறப்பட்டவரைத் தாயார் வேங்கம்மா பிடித்து வந்து மீண்டும் பள்ளிக்கூடத்தில் விட்டார். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து எழுதித் தேறினார். துறவியாகி இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. வைத்தியம் படித்தாலும் சேவை செய்யலாமே என்று மடத்தில் உள்ளவர்களே சொல்ல, சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். மாமனார் படிப்புச் செலவுக்கு உதவினார்.

காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதர் உடுத்தே நின்றார். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. சுப்பாராவுக்குக் கிடைத்தது முழுப் பட்டமல்ல, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழ்தான். அரசாங்க வைத்திய சேவையிலும் இடம் கிடைக்கவில்லை. டொக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார்.

இதற்கிடையே அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உடன்பிறந்த சகோதரர் இருவரை ஸ்புரு என்னும் நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல் கழிந்து, இரத்தம் வெளிறி, மனிதன் உருகிப் போகும் நோய் அது. சுப்பாராவுக்கும் அந்நோய் கண்டு, தப்பிப் பிழைத்தார். மருந்து தேடும் வேட்கை அவருக்கு அங்கேதான் பிறந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

1920களின் தொடக்கத்தில் இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டு, அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல வைத்தியம் கற்க இடம் கிடைத்ததே தவிர, வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லை. இரவிலே வைத்தியசாலையொன்றில் நோயாளரின் மலச்சட்டி கழுவும் வேலை செய்தார். அவர் போன பின் பிறந்த ஆண் குழந்தை, தகப்பன் முகம் காணாமலே கைக்குழந்தையாய் இறந்துபோயிற்று. அவர் பிறகு ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. சேஷகிரி அம்மையாரும் அவரை மறுபடி காணவில்லை. இதைப் படிக்கும் தாய்மார் அவர்மீது கோபங்கொண்டால் அது நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஹாவார்டில் உயிர் இரசாயனப் பேராசிரியர் சைரஸ் பிஸ்க் என்பவரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பொஸ்பரஸ் எவ்வளவு உண்டென்று அளக்க, அக்காலத்தில் நம்பத்தக்க சுலபமான வழி இருக்கவில்லை. இருவரும் ஒரு வழி கண்டார்கள். சோதனைப் பொருளுடன் மொலிப்டேற் என்னும் உப்பைச் சேர்த்து, இன்னொரு இரசாயனத்தையும் விட்டால் குழாயில் நீல நிறம் எழும். பொஸ்பரஸ் கூடக்கூட நீலம் ஆழமாகும். அளவு தெரிந்த ஒரு நீலத்தோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். 1925 டிசம்பரில் அமெரிக்க உயிர் இரசாயன ஏட்டின் 66 ஆம் தொகுதியில், 375 ஆம் பக்கம் தொடங்கி இது வெளிவந்தது.

இங்கே சற்று நில்லுங்கள். விஞ்ஞானிகள் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் யார் யாருடைய வேலையைப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கடைசியில் குறிப்பிடுவது வழக்கம். எந்தக் கட்டுரையை எத்தனை பேர் அவ்வாறு குறிப்பிட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பேரேட்டை, பிலடெல்பியா நகரைச் சேர்ந்த யூஜின் கார்பீல்ட் 1964 இல் வெளியிட்டார். இன்று பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வும் ஆராய்ச்சிப் பணமும் பெரிதும் இந்த எண்ணிக்கையைப் பார்த்தே நடக்கின்றன. அந்தக் கணக்கில் பிஸ்க்கும் சுப்பாராவும் எழுதிய 1925 ஆம் ஆண்டுக் கட்டுரை பல்லாயிரம் முறை குறிப்பிடப்பட்டிருக்கிறது. அது வந்த ஏடே 2002 இல் அதைத் தன் பொக்கிஷங்களுள் ஒன்றாக எடுத்து மறுபடி அறிமுகம் செய்தது.

ஆனால் அந்த எண்ணிக்கை எதைக் காட்டுகிறது? அளவுகோல் செய்தவனை எல்லாரும் குறிப்பிடுவார்கள். அளவுகோலைத் தினமும் கையில் எடுக்க வேண்டியிருக்கிறதல்லவா? அதே அளவுகோலைக் கொண்டு அவர்கள் கண்டது அதைவிடப் பெரிது. தசை இயங்குவதற்கான சக்தி லக்டிக் அமிலத்திலிருந்து வருவதாக அன்று நம்பினார்கள். தசையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹோப் என்னும் இருவருக்கு 1922 ஆம் ஆண்டின் நொபெல் பரிசே கொடுபட்டிருந்தது. பிஸ்க்கும் சுப்பாராவும் 1927 இல் தசையிலே பொஸ்போகிரியேற்றின் என்ற பொருளைக் கண்டு அந்தக் கொள்கையை ஆட்டிவிட்டார்கள். 1929 இல் ஏ.ரி.பி. என்ற பொருளையும் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனித்துக் கண்டார். நீங்கள் வலை இழுக்கும்போதும், தேங்காய் துருவும்போதும், இந்தப் பத்திரிகையைப் புரட்டும்போதும் உடம்பில் செலவாகும் நாணயம் இந்த ஏ.ரி.பி. தான்.

1930 இல் கலாநிதிப் பட்டம் வந்தது. நிரந்தரப் பதவி வரவில்லை. பிஸ்க்கின் பதவி உயர்வுக்கு உதவவென்று தம் பங்கைத் தாமே குறைத்துச் சொன்னார் என்று கூறப்படுகிறது. அக்காலத்தில் ஹாவார்டில் பயின்று, 1988 இல் நொபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் இன்னும் கடுமையாகக் கூறினார். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களைப் பல ஆண்டுகளின் பின் மற்றவர்கள் புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அவற்றை வெளிவரவிடாமல் தடுத்தது பிஸ்க்கின் பொறாமையே போலும் என்றும் அவர் கருதினார். இருப்பினும், பெயர் தெரியாத இந்தியர் ஒருவருக்குத் தம் ஆய்வுகூடத்தில் இடம் கொடுத்தவரும் அதே பிஸ்க் என்பதை நாம் மறக்கலாகாது. அச்சேறாத கட்டுரையை எந்தப் பேரேடும் எண்ணுவதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

1940 இல் நியூயோர்க் மாநிலத்தில் பேர்ள் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பனியில் சேர்ந்து, ஆராய்ச்சிப் பகுதியின் தலைவரானார். அங்கே அவர் வாழ்ந்த எட்டு ஆண்டுகளை எட்டுப் பேருடைய வாழ்நாளுக்கு ஒப்பிடலாம்.

பம்பாயின் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே கர்ப்பகாலத்து இரத்தச் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில அம்மையார், ஈஸ்ட் சாரத்தால் அது தீர்வதை 1931 இல் எழுதியிருந்தார். அவர் கொடுத்தது வேறொன்றுமல்ல, நம் பிள்ளைகள் பாணில் பூசி உண்ணும் மார்மைட்தான்! அதிலுள்ள மருந்துப்பொருள் போலிக் அமிலம் என்று பின்னர் தெளிவாயிற்று. சுப்பாராவின் குழுவினர் அதை ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டினார்கள். 1946 இல் வந்த அந்தக் கட்டுரையில் பதினாறு பேரின் பெயர்கள் இருக்கின்றன. தலைவருடைய பெயர் நடுவில் எங்கோ கிடக்கிறது. கரைவலையில் மீன்பாடு பங்கிடும்போது சம்மாட்டி வரிசையில் நடுவே நின்று பங்கு வாங்கியதாக எங்கேனும் கேட்டதுண்டா? சகோதரர் இருவரைக் கொன்ற ஸ்புரு நோய்க்கும் இந்தப் போலிக் அமிலம் கைகொடுத்தது.

பொஸ்டனில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர், இரத்தப் புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்குப் போலிக் அமிலச் சேர்க்கைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் முந்தியதுபோல் அவருக்குத் தோன்றிற்று. அப்படியானால் அந்த அமிலத்தைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் என்ன? சுப்பாராவின் ஆய்வுகூடம் அத்தகைய பொருட்களைச் செய்து கொடுத்தது. அவற்றுள் அமினோப்ரெறின் என்பதைப் பதினாறு பிள்ளைகளுக்குக் கொடுத்ததில், பத்துப் பேருக்கு நோய் சிலகாலம் தணிந்தது. 1948 ஜூனில் வெளிவந்த அந்தக் கட்டுரை ஆயிரக்கணக்கில் குறிப்பிடப்படுகிறது. அதை எழுதியவர்களுள் சுப்பாராவ் இல்லை. அப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது தற்காலிக ஆறுதல்தான். ஆனால் அதற்கு முன் அந்நோய்க்கு ஒன்றுமே இருக்கவில்லை. அமினோப்ரெறினின் தம்பிதான் மெதோட்ரெக்சேற். மூட்டு நோய்க்கு அதைக் கொடுக்கும் வைத்தியர், அதன் தீங்கைக் குறைக்கப் போலிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுப்பார். நஞ்சும் முறிமருந்தும் ஒரே வீட்டுச் சரக்கு!

ஹெற்றசான் 1947 இல் வந்தது. அதே ஆண்டில்தான் இலங்கையில் யானைக்கால் தடுப்பு இயக்கமும் தொடங்கப்பட்டது. மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் இந்நோய் வேரூன்றியிருந்தது. புத்தளமும் அவற்றுள் ஒன்று. 2002 முதல் 2006 வரை அம்மாவட்டங்களில் ஆண்டுதோறும் சனங்கள் எல்லாருக்கும் இந்தக் குளிசையுடன் அல்பென்டசோலும் கொடுத்தார்கள். இந்நோய் இலங்கையின் பொதுச் சுகாதாரத்துக்கு இனிப் பிரச்சினையல்ல என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

சுப்பாராவ் இதிலொன்றையும் காணவில்லை. 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில், நித்திரையிலேயே மாரடைப்பால் மறைந்தார். அவர் ஊக்குவிப்பில் தாவரவியலாளர் பெஞ்சமின் டகர் கண்டெடுத்த ஓரியோமைசின் என்னும் கிருமிகொல்லி மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன.

1995 இல் இந்திய அரசு அவர் நூற்றாண்டுக்குத் தபால் முத்திரை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1953 இல், லெடர்லியில் வேலைசெய்த ஒருவர் தாம் கண்ட புதிய பூஞ்சணத்துக்குச் சுப்பாரோமைசெஸ் என்று அவர் பெயரை இட்டார். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டிகளில் வளர்வது அது.