கொரில்லாக்களின் எல்லையில் வாழ்ந்த டயான் ஃபொஸி

1932இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த டயான் ஃபொஸி, 1967இல் கொங்கோவில் மலைக் கொரில்லாக்களை ஆராயத் தொடங்கினார். சில மாதங்களிலேயே அங்கு கலவரம் மூண்டது. உயிர் தப்பி வெளியேறியவர், அதே எரிமலைத் தொடரின் ருவாண்டாப் பக்கத்தில் கரிசோகே முகாமை அமைத்தார்.

கொரில்லாக் குடும்பங்களுக்கு வேலி போட்ட எல்லை கிடையாது. ஒன்றின் மேய்ச்சல் காட்டுக்குள் மற்றது வரும். அப்போது முதுகு நரைத்த தலைவன்கள் மார்பில் அறைந்து முழங்கும். சிலவேளை கடித்துக் குதறும். போட்டி நிலத்தைவிடப் பெண் கொரில்லாக்களுக்காகவே அதிகம். தலைவன் இறந்தால் குட்டிகளுக்கும் ஆபத்து. புதிய ஆண் அவற்றைக் கொன்றுவிடக்கூடும்.

இதை அவர் நான்காம் குழுவில் கண்டறிந்தார். 1977 டிசம்பர் 31இல், குடும்பம் தப்பியோட வழிவிட்டு வேட்டைக்காரரை எதிர்த்து நின்ற டிஜிட் கொல்லப்பட்டது. 1978 ஜூலையில் தலைவன் அங்கிள் பெர்ட்டும் சுடப்பட்டது. அதன்பின் குழுவின் ஆண் ஒன்றே குட்டியைக் கொன்றது. பெண்கள் வேறு குழுவுக்குப் போயின.

ஃபொஸி கண்ணிகளை அறுத்தார், பூங்காவுக்குள் வந்த மாடுகளைத் துரத்தினார். பகையும் வளர்ந்தது. 1985 டிசம்பரில் தன் குடிசையில் வெட்டிக் கொல்லப்பட்டார். டிஜிட்டின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அன்று இருநூற்றைம்பதளவில் இருந்த விருங்கா மலைக் கொரில்லாக்கள் இன்று அறுநூறைத் தாண்டிவிட்டன. காவல் நிற்பவர் விழுந்தால் குடும்பம் சிதறும் என்பது நமக்கும் தெரிந்ததுதான். சிதறியதும் மீண்டும் பெருகலாம் என்பதை அந்த மலை சொல்கிறது.