கைதியான நவாப் சந்தா சாஹிப்

1752ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பூந்தமல்லி வட்டாரத்துக் கிராமங்கள் சில தீக்கிரையாயின. கொளுத்தியவர்கள் நவாப் சந்தா சாஹிபின் மகன் ராஜா சாஹிபின் படையினர். அதே ஆண்டு ஜூன் மாதம் தந்தையார் எதிரியின் கைதியானார்.

அது அவருக்கு முதற்சிறை அன்று. 1741ல் மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லே திருச்சிக் கோட்டையைப் பிடித்து, அவரைச் சதாராவுக்குக் கொண்டு சென்றார். ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்கே கழிந்தன. ஆயினும் உயிருக்குப் பங்கமில்லை. 1748ல் மீண்டு வந்தவர், மறு ஆண்டே ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கான் வீழ்ந்ததும் கர்நாடக நவாபானார்.

இரண்டாம் சிறையோ சில நாட்களே! ஸ்ரீரங்கத்தில் முற்றுகைக்குள் சிக்கியவர், தஞ்சைத் தளபதி மானோஜி செய்து கொடுத்த சத்தியத்தை நம்பி அவரிடம் சென்றார். சென்றதும் விலங்கு பூட்டினர். கைதி யாருக்கு உரியவர் என்று மைசூராரும், மராட்டியரும், ஆங்கிலேயரும், போட்டி நவாப் முஹம்மதலியும் (இவரும் கலிமாச் சொன்னவர்தாம்) வழக்காடினர். வழக்குத் தீரவில்லை. கைதியின் தலை துண்டிக்கப்பட்டது.

நம் மார்க்கத்தில், எதிரிக்குக் கொடுத்தாலும் அமான் அமானேயாகும். கொடுத்தபின் கொல்வது மோசடி. பத்ருக் கைதிகளுக்கு ஸஹாபாப் பெருமக்கள் ரொட்டியை ஈந்துவிட்டுத் தாம் பேரீச்சம்பழத்தோடு நின்றனர். மீட்புப் பணமில்லாத கைதிகள் மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றனர்.

சந்தா சாஹிபும் மாசற்றவரல்லர். திருச்சி ராணி மீனாட்சிக்குத் திருக்குர்ஆன்மீது சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, பின்னர் அவரைச் சிறை வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அது குர்ஆனே அன்று, துணியில் சுற்றிய செங்கல் என்பாரும் உண்டு. செங்கல்லானால் பாவம் குறைந்துவிடுமா? ராணி நஞ்சுண்டு மடிந்தார்.

வெட்டுண்ட தலை முஹம்மதலியிடம் அனுப்பப்பட்டது. திருச்சி நத்ஹர்வலி தர்கா வளாகத்தில் அவ்விருவருமே அடங்கியிருக்கிறார்கள்.