விரல் படித்த சுரம்

சென்ற மாதம், என்னிடம் முன்பு தமிழ் படித்த இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பிறவியிலேயே கட்பார்வை இல்லாதவர். இப்பொழுது தேவாலயமொன்றில் ஓகன் வாசிக்கின்றார். கணினியொன்றும், அதனோடு இணைத்த பட்டையான கருவியொன்றும் கொண்டுவந்திருந்தார். கணினி இசைத்தாளைப் புள்ளிகளாக மாற்றுகின்றது. கருவியின் முகத்திலே சிறு முனைகள் எழுந்தும் தாழ்ந்தும் அப்புள்ளிகளை நாற்பது நாற்பது எழுத்தாக விரலுக்குக் கொடுக்கின்றன. அவருடைய இடக்கை அதனைத் தடவ, வலக்கை மேசையின்மேல், அங்கே கட்டைகள் இருப்பதுபோல, நடந்தது. பின்பு வலக்கை தடவிற்று, இடக்கை நடந்தது. இரு கையும் சேர்ந்து நடக்கவேண்டுமாயின் தடவுவதற்குக் கை ஏது? சிறிது சிறிதாக மனனம் பண்ணியே வாசிக்கவேண்டும் என்றார்.

நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். மணல் தட்டுப்பட்டது, சுரம் தட்டுப்படவில்லை.

பிரெயில் என்றால் அகர முதலிய எழுத்துக்களே என்று இவ்வளவு காலமும் எண்ணியிருந்தவன் நான். அந்த எண்ணம் பிழை. லூயி பிரெயில் 1829ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே சொற்கள், இசை, தேவாலயப் பாட்டு என்னும் மூன்றும் ஒருங்கே நிற்கின்றன. இசை பின்னர் வந்து ஒட்டிக்கொண்டதன்று, உடன்பிறந்தது. அது நிகழ்ந்தவாறு அறியவேண்டின் அப்பெரியாருடைய வாழ்க்கையைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

பிரான்சு தேசத்திலே, பாரிஸ் நகருக்குக் கிழக்கே, கூவ்ரே என்னும் சிற்றூரில், 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதுக் குழந்தை பட்டறையில் விளையாடும்போது குத்தூசி ஒரு கண்ணிற் பாய்ந்தது. புண் மற்றக் கண்ணையும் பற்றியது. ஐந்து வயதில் இரண்டும் இருண்டன. அந்த ஊசியே பின்னர் எழுத்தாணியாயிற்று என்று கதையை அழகு செய்வோர் உளர். நான் அந்த வழியிற் போகவில்லை.

1819இல், பத்து வயதில், வலன்தீன் ஹாயி என்பவர் பாரிஸிலே தோற்றுவித்த விழிப்புலன் இழந்தோர் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே கண்ணுள்ளவர் படிக்கும் எழுத்தையே தாளிற் புடைக்கச் செய்து தடவிப் படிப்பித்தனர். புத்தகங்கள் பாரமானவை; படிப்பு ஆமை நடை. அந்த எழுத்தைப் பிள்ளை தானாக எழுதுதல் இயலாது. நம்மவருள் அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகிலே எழுதிக் காட்டி எழுத்தறிவித்தனர் என்பது கர்ணபரம்பரை. படித்தார், சரி, எழுதுவதற்கு அவருக்கு எந்த முதுகு கிடைத்தது?

அப்பள்ளியில் இசைக்கு முதலிடம் இருந்தது. அங்கே படித்துத் தேவாலயங்களில் ஓகன் வாசிப்போராய்ப் பிழைத்தவர் பலர். ஆனால் அவர்கள் கற்றதெல்லாம் காதாற் கற்றது. செவிவழிக் கல்வியை நான் குறைத்துப் பேசமாட்டேன்; திண்ணையில் அதனாலேயே வளர்ந்தவன். எனினும் ஏடு இல்லாதவனுக்கு ஒரு குறை உண்டு. பாடம் பிழையோ என்று ஐயம் வந்தால் அவன் போய்ப் பார்ப்பதற்கு இடமில்லை. இன்னொருவர் வாசித்துக் காட்டும்வரை காத்திருத்தல் வேண்டும். அவர் பிழையாக வாசித்தால் அந்தப் பிழையையே கற்றல் வேண்டும்.

1821இல் சார்ல் பார்பியே என்பவர் தாம் வகுத்த புள்ளிமுறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு புள்ளி வரையில் உள்ள அந்தக் குறி ஒரு விரல்நுனிக்குள் அடங்காது. ஒலியைக் காட்டும், எழுத்துக்கூட்டைக் காட்டாது. இசைக்கோ அதிற் குறியே இல்லை. பிள்ளையாகிய லூயி அதனைப் பிடித்துக்கொண்டார். இரவிலும் விடுமுறையிலும் இருந்து குத்திக் குத்தி, பதினைந்தாம் வயதளவில் ஆறு புள்ளியாகச் சுருக்கினார். நெடுக்கே மூன்று, குறுக்கே இரண்டு. அவற்றைச் சேர்த்தும் பிரித்தும் அறுபத்துமூன்று குறி பிறக்கும். 1829இல் அமைத்ததிற் சில கோடுகளும் கலந்திருந்தன. 1837இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை நீங்கின.

இசைக்குறியையும் அவர் பின்னர்த் திருத்தினார். அதன் நுட்பத்தை அந்த இளைஞரிடம் கேட்டு வியந்தேன். மேலுள்ள நான்கு புள்ளிகள் சுரம் இன்னது என்பதைக் காட்டும். கீழுள்ள இரண்டு அது நிற்கும் காலத்தைக் காட்டும். கீழே ஒன்றும் இல்லையெனின் அரைக்கால். வலப்புள்ளி மாத்திரம் இருப்பின் கால். இடப்புள்ளி மாத்திரம் இருப்பின் அரை. இரண்டும் இருப்பின் முழுமை. மேனாட்டிசையின் கால அளவுகள் நமது பழைய கீழ்வாயிலக்கத்தோடு இவ்வாறு பொருந்துகின்றன. முழுமைக்குள்ள குறியே வீசத்துக்கும் குறி. எது என்பதைத் தாளக்கட்டை எண்ணித் துணியவேண்டும். ஒரே உருவம் இடம்நோக்கிப் பொருள் வேறுபடுதல் இலக்கணம் படித்தவனுக்குப் புதிதன்று.

ஐந்து கோட்டு இசைத்தாளிலே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் சுரங்களைக் கண் ஒரே நோக்கிற் காணும். விரல் ஒன்றன்பின் ஒன்றாகவே தொடும். ஆதலின் சேர்ந்தொலிக்கும் சுரங்களுள் ஒன்றை மாத்திரம் எழுதி, ஏனையவை அதிலிருந்து எத்தனை படி தூரம் என்பது குறிக்கப்படும். வலக்கைக்கு மேலிருந்து கீழாக எண்ணவேண்டும். இடக்கைக்குக் கீழிருந்து மேலாக. நிலத்தில் நிற்பதை நீளத்திற் கிடத்திய வித்தை இது.

பிரெயில் அப்பள்ளியிலேயே ஆசிரியராய் அமர்ந்தார். செல்லோ வாசிப்பார். பாரிஸ் தேவாலயங்களில் ஓகன் வாசிக்கும் பணியும் பார்த்தார். இளமையிலேயே சயரோகம் பற்றிக்கொண்டது. அந்த நிலையிலும் ஒரு குறை அவர் மனத்தை அறுத்தது. புள்ளியில் எழுதியதைப் புள்ளி அறிந்தவரே படிப்பர். வீட்டிலுள்ள தாய் படிக்கமாட்டார். 1839இல், கண்ணுள்ளவர் எழுத்தின் உருவத்தையே புள்ளிகளாற் குத்தியமைக்கும் வேறொரு முறையை வெளியிட்டார். அதிலும் இசைக்குறியை அவர் மறக்கவில்லை, தலைப்பிலேயே சேர்த்தார். அது கைக்கு மெத்த வேலை. அப்பள்ளியின் பழைய மாணவரும் விழிப்புலன் இழந்தவருமாகிய பியேர் பூக்கோ, அதனை விரைவாகக் குத்துதற்கு விசைக்கட்டைகள் கொண்ட பொறியொன்று சமைத்துக் கொடுத்தார். இருளில் இருந்தவர் இருவர் கூடி வெளிச்சத்தில் இருந்தவர்க்குக் கடிதம் எழுத வழி செய்தனர்.

இவ்வளவும் செய்தவர்க்குப் பள்ளி செய்தது யாது? 1840இல் தலைவராய் வந்த துபோ என்பவர் புள்ளிமுறையை விலக்கிப் புடைப்பெழுத்தையே மீண்டும் புகுத்தினார். கண்ணுள்ளவர்க்கு விளங்காத எழுத்து மாணவரைப் பிரித்துவிடும் என்பது அக்காலத்தார் வாதம். கண்ணுள்ளவர் அதனைக் கற்றாலென்ன என்று ஏனோ அவர்களுக்குத் தோன்றவில்லை. மாணவர் மறைவிற் புள்ளி எழுதினர். துணைத்தலைவர் குவாதே அதனைக் கண்டு, தலைவர் மனத்தை மாற்றினார். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில், சபையோர் முன்னிலையிலேயே புள்ளிமுறை எழுதியும் படித்தும் காட்டப்பட்டது. பிரெயில் அச்சபையில் இருந்தார்.

1852 சனவரி 6ஆந் திகதி, நாற்பத்துமூன்று வயது நிறைந்து இரண்டு நாளில், அவர் காலமானார். பள்ளி அவர் முறையை முழுமையாக ஏற்றது 1854இல். இசைக்குறியைத் தேசங்கள் பலவும் ஒத்து வழங்குதற்கு 1888இல் கொலோன் நகரிற் கூடி முடிவு செய்தனர். நூற்றாண்டு கழிந்து, 1952இல், பிரான்சு அரசு அவர் உடலைப் பாரிஸிலுள்ள பந்தேயோன் மண்டபத்துக்கு எடுத்துச்சென்றது. கைகளை மாத்திரம் கூவ்ரே ஊரார் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

இவற்றை நான் சொல்லச் சொல்ல இளைஞர் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு கருவியிலுள்ள ஆறு கட்டைகளை அழுத்தித் தாம் அமைத்த பாட்டொன்றைக் கணினிக்குள் எழுதினார். முன்னெல்லாம் சட்டத்தில் தாளைப் பூட்டி, பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைக் கழற்றிப் புரட்டினாலன்றித் தாம் எழுதியதைத் தாமே படிக்க இயலாதாம். இப்பொழுது எழுதும்போதே விரலுக்கடியில் அது எழுகின்றது. அதனைக் கணினி ஐந்து கோட்டு இசைத்தாளாகவும் அச்சிடுமாம். பாடகர் குழுவிற் கண்ணுள்ளவர்கள் அதைப் பார்த்துப் பாடுவார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எட்டுத் தாளக்கட்டு மனனமாகவில்லை என்று சொல்லி, இடக்கையை மறுபடியும் கருவியின்மேல் வைத்தார்.