டோப்ரூக் துறைமுகத்தைக் காத்த தளபதி

ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் தளபதி ரோமலின் ஓட்டத்தை முதன்முதலாகத் தடுத்து நிறுத்தியவர் ஒரு பழைய பள்ளிக்கூட ஆசிரியர். இரண்டாவது உலகப் போர் மூண்டபோது கப்பல் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்து வந்தவர். பெயர் லெஸ்லி மோர்ஸ்ஹெட்.

ஆஸ்திரேலியாவில் தங்கச் சுரங்கங்களுக்குப் பெயர் போன பல்லாரட் என்ற ஊரில் 1889 செப்டம்பர் 18-ல் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. படித்து ஆசிரியரானார். பள்ளி மாணவர் படைக்குப் பயிற்சி கொடுத்ததுதான் அவருக்கு முதல் ராணுவ அனுபவம்.

1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் ஆசிரியர் வேலையை உதறிவிட்டுச் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். சில வாரங்களிலேயே அதிகாரி ஆனார். 1915 ஏப்ரல் 25-ல் துருக்கியின் கலிப்போலி கரையில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அங்கே நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். மறு ஆண்டு 33-வது பட்டாளத்துக்குத் தலைவர் ஆனார். அப்போது வயது 26தான். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அந்தப் பட்டாளத்தோடு போர் முடியும் வரை இருந்தார்.

போர் முடிந்ததும் குவீன்ஸ்லாந்தில் நிலம் எடுத்துப் பார்த்தார். சரிப்படவில்லை. 1924-ல் ஓரியண்ட் கப்பல் கம்பெனியில் சேர்ந்தார். பகலில் ஆபீஸ், ஓய்வு நேரத்தில் பகுதிநேர ராணுவம் என்று பதினைந்து ஆண்டுகள் ஓடின.

மூன்று பக்கம் எதிரி, ஒரு பக்கம் கடல்

1941 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் 9-வது டிவிஷன் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிற்சியும் தளவாடமும் குறைந்த டிவிஷன் அது. அந்தச் சமயத்தில்தான் ரோமல் லிபியாவில் புயலாகப் புகுந்தார். நேச நாட்டுப் படைகள் பின்வாங்கி ஓடின. கடற்கரையில் ஒதுங்க இடம் டோப்ரூக் ஒன்றுதான். அந்தத் துறைமுகம் கையில் இருக்கும் வரை எகிப்து நோக்கிச் செல்லும் ரோமலுக்குப் பெட்ரோலும் சாமானும் வெகு தூரத்திலிருந்துதான் வர வேண்டும். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால் போதும் என்பது மேலிடத்தின் உத்தரவு.

கடல் வழியே தப்பிப் போகும் பேச்சே கூடாது, சரணடைவதும் இல்லை என்று மோர்ஸ்ஹெட் தம் அதிகாரிகளிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். காக்க வேண்டிய எல்லையோ சுமார் 48 கிலோமீட்டர். இத்தாலியர் முன்பு கட்டி வைத்திருந்த கான்கிரீட் குழிகளும் முள்கம்பி வேலியும்தான் அரண்.

ஏப்ரல் 13 இரவு ஈஸ்டர் சமயத்தில் ஜெர்மானியர் பாய்ந்தார்கள். டாங்கிகள் வேலியைத் தாண்டி உள்ளே வந்தன. முன்வரிசைச் சிப்பாய்கள் ஓடவில்லை. டாங்கிகளைப் போகவிட்டுக் குழியிலேயே இருந்தார்கள். பின்னால் நடந்து வந்த எதிரிச் சிப்பாய்களை மடக்கினார்கள். உள்ளே மாட்டிய டாங்கிகளைப் பிரிட்டிஷ் பீரங்கிகள் நேருக்கு நேர் நின்று சுட்டன. 17 டாங்கிகள் நாசமாயின. அதுவரை டாங்கிகள் உள்ளே புகுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்பதே வழக்கம். டோப்ரூக்கில் அந்தக் கணக்கு பொய்த்தது.

மே மாதத் தொடக்கத்தில் மேற்கே ஒரு குன்றையும் அதைச் சுற்றிய பகுதியையும் ஜெர்மானியர் பிடித்துவிட்டார்கள். அதை மீட்க மோர்ஸ்ஹெட் நடத்திய எதிர்த்தாக்குதல் பலிக்கவில்லை. அவருடைய குறை என்றால் இதைச் சொல்லலாம்.

சும்மா உட்கார்ந்து அடி வாங்குவது அவருக்குப் பிடிக்காது. டோப்ரூக் எதையும் தாங்கும் என்று ஒரு பத்திரிகை தலைப்புப் போட்டதைப் பார்த்துக் கோபப்பட்டார். நாம் வந்தது தாங்குவதற்கு அல்ல, கொடுப்பதற்கு என்பது அவர் எண்ணம். இரவுதோறும் ரோந்துப் படை வேலியைத் தாண்டிப் போய் எதிரியின் தூக்கத்தைக் கெடுத்தது. இதில் இந்தியருக்கும் பங்கு உண்டு. 18-வது குதிரைப்படை என்ற இந்தியப் படை அங்கே இருந்தது. பெயரில்தான் குதிரை. அங்கே குழியில் இருந்தும் நடந்தும் எல்லையைக் காத்தார்கள்.

தண்ணீர் ரேஷன், அதுவும் உப்புக் கரித்த தண்ணீர். பகலில் வெயில், புழுதி, ஈ, விமானக் குண்டு. இரவில் கப்பல்கள் ரகசியமாக வந்து சாமானை இறக்கிக் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மறைந்துவிடும். அப்படி ஓடிய ‘வாட்டர்ஹென்’ என்ற ஆஸ்திரேலியக் கப்பல் ஜூன் 30-ல் மூழ்கியது.

குழிக்குள் கிடக்கும் எலிகள் என்று ஜெர்மன் ரேடியோ ஏளனம் செய்தது. சிப்பாய்கள் அந்தப் பெயரையே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். சுட்டு வீழ்த்திய விமானத்தின் தகட்டை வெட்டி எலிப் பதக்கம் செய்துகொண்டார்கள். தளபதிக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். சித்திரக்கதையில் வரும் வில்லனை நினைத்து, ‘இரக்கமில்லாத மிங்’ என்றார்கள். கண்டிப்பைக் கண்டு வைத்த பெயர். நாளாக ஆக ‘மிங்’ என்று செல்லப் பெயராகச் சுருங்கிவிட்டது.

இரண்டு மாதம் என்றது ஐந்து மாதத்தைத் தாண்டியது. சிப்பாய்கள் இளைத்துத் துவண்டார்கள். அவர்களை மாற்ற வேண்டும் என்று ஆஸ்திரேலிய அரசு கேட்டது. பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஆஸ்திரேலியா விட்டுக்கொடுக்கவில்லை. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பெரும்பாலோர் கப்பலில் வெளியேறினார்கள். பிரிட்டிஷ், போலிஷ் படைகள் வந்து பொறுப்பேற்றன. டிசம்பரில் முற்றுகை விலகியது. மறு ஆண்டு ஜூன் 21-ல் அதே டோப்ரூக் ரோமலிடம் விழுந்தது. அப்போது மோர்ஸ்ஹெட் அங்கு இல்லை.

1942-ல் எல் அலமேன் போரில் அவருடைய டிவிஷன் மிகக் கடுமையான பகுதியில் நின்று பலரைப் பலி கொடுத்தது. பிறகு நியூகினி, போர்னியோ. சர் பட்டமும் கிடைத்தது. போர் முடிந்ததும் பழைய கப்பல் கம்பெனிக்கே வேலைக்குத் திரும்பினார். 1959 செப்டம்பர் 26-ல் சிட்னியில் காலமானார்.

முற்றுகையின்போதே சிப்பாய்கள் தங்கள் தோழர்களுக்காக டோப்ரூக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருந்தார்கள். பின்னாளில் அது அழிந்துபோனது. அதே வடிவில் கான்பெரா நகரில் 1983-ல் ஒன்று கட்டப்பட்டது. பழைய சின்னத்தில் மிஞ்சியது கல்வெட்டு ஒன்றுதான். அந்தக் கல் முன்பு டோப்ரூக் தபால் ஆபீசின் வாசற்படியாக இருந்தது. இப்போது கான்பெரா சின்னத்தில் பதித்திருக்கிறார்கள்.